வீடா, வண்டியா? ஐக்கிய அமெரிக்காவிற் சில்லுவீட்டு வாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. வளை என்றதும் அது நிலத்தில் அமைந்தது, இடம் விட்டு அகலாதது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகின்றது. காணி, வேலி, கிணறு, படலை என்பவற்றோடு சேர்த்தே வீட்டை நாம் எண்ணிப் பழகியுள்ளோம். ஆனால் வீட்டையே சில்லுகளின் மேலேற்றி, இன்று ஓரிடம் நாளை ஓரிடம் எனச் செல்வதையே நிரந்தர வாழ்க்கையாகக் கொண்டோர் ஐக்கிய அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக இருந்து வருகின்றனர். விடுமுறைக் காலத்தில் மட்டும் இவ்வண்டிகளை நாடுவோர் வேறு. விற்பதற்கோ திரும்புவதற்கோ வேறு வீடு இல்லாது, ஆண்டு முழுவதும் அவற்றிலேயே உண்டு உறங்கி வாழ்வோர் வேறு. இக்கட்டுரை பின்னவரைப் பற்றியது.

மோட்டார் வண்டியாற் கட்டியிழுக்கப்படும் ட்ரெயிலர், தானே இயந்திரம் கொண்டு ஓடும் மோட்டார் இல்லம் என இவ்வண்டிகள் இரு பெரும் வகைப்படும். அவை இரண்டையும் சில்லுவீடு என்ற பொதுப்பெயரால் இங்கு குறிப்பிடுவோம். இவற்றின் வரலாற்றைப் பொறிநுட்ப வளர்ச்சியின் வரலாறாகவோ உல்லாசப் பயணத்தின் வரலாறாகவோ எழுதுவது எளிது. ஆயின் அவ்வரலாற்றினூடே ஒரு வினா விடாது தொடர்ந்து வருவதைக் காணலாம். சில்லுவீடு என்பது வீடா, வண்டியா என்பதே அவ்வினா. அதற்கு நீதிமன்றங்களும் சபைகளும் காலத்துக்குக் காலம் அளித்த விடைகளை ஒருங்கு வைத்து நோக்கின், ஓர் உண்மை புலப்படும். விடை வீடு என்றிருந்தபோதும், வண்டி என்றிருந்தபோதும், இழப்புப் பெரும்பாலும் அதற்குள் வாழ்ந்தவருக்கே உரியதாயிற்று.

இருவகைப் பயணிகள்

சில்லுகளின் மேல் வாழ்வது அமெரிக்கர் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்திலே, பிறரால் ஜிப்சிகள் என அழைக்கப்பட்ட ரோமா மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் கூடாரங்களை விடுத்துக் குதிரை பூட்டிய மரவண்டிகளில் வாழத் தலைப்பட்டனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வேறு ஒரு வகையினரும் அவ்வழியை நாடினர். கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றிய கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் 1885ஆம் ஆண்டிலே 'வாண்டரர்' என்னும் பெரு வண்டியொன்றைக் கட்டுவித்து, இரு குதிரைகளைப் பூட்டி, ஸ்கொட்லாந்து வரை பயணஞ்செய்தார். அவரைப் பின்பற்றிய வசதி படைத்தோர் 1907ஆம் ஆண்டிற் கரவன் கழகம் ஒன்றையும் நிறுவிக்கொண்டனர்.

ஸ்டேபிள்ஸ் புறப்பட்ட அதே 1880களில், நகரும் குடியிருப்புக்களைப் பதிவு செய்யவும் அவற்றினுள் அதிகாரிகள் புகுந்து பார்வையிடவும் வகைசெய்யும் மசோதாக்கள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டன. அவை சட்டமாகவில்லை. எனினும் அவற்றின் இலக்கு 'வாண்டரர்' போன்ற வண்டிகளல்ல, ரோமா மக்களின் வண்டிகளே என்பதில் ஐயமில்லை. வீதி ஒன்றே; வண்டியும் ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் கனவான், மற்றவர் கண்காணிக்கப்படவேண்டியவர். இவ்வேறுபாடு பின்னர் அமெரிக்காவிலும் தலைகாட்டியது.

அமெரிக்காவின் மரபு வேறானது. மேற்கு நோக்கிச் சென்ற குடியேற்றக்காரரின் மூடுவண்டி அந்நாட்டின் பெருமைக்குரிய சின்னமாகப் போற்றப்படுகின்றது. ஆயினும் அவ்வண்டி வழியேயன்றி முடிவன்று. 1862ஆம் ஆண்டின் குடியிருப்புநிலச் சட்டம் 160 ஏக்கர் வரையான நிலத்தை வழங்க முன்வந்தது. பெறுபவர் அந்நிலத்தில் வீடமைத்து, பயிரிட்டு, ஐந்தாண்டுகள் குடியிருத்தல் வேண்டும். அந்நிலம் அங்கு முன்னரே வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை இங்கு மறத்தலாகாது. ஓரிடத்தில் நிலைத்து நின்றவனே உரிமைக்குரியவன் என்ற கருத்து இவ்வாறு சட்டத்திலும் மனத்திலும் வேரூன்றியது.

தகரப்பேணிக் காலம்

1908ஆம் ஆண்டிலே ஹென்றி போர்ட் அறிமுகஞ்செய்த 'மொடல் ரீ' மோட்டார் வண்டியின் விலை ஆண்டுதோறும் குறைந்து வந்தமையால், விவசாயியும் தொழிலாளியும் சிறு வணிகரும் வண்டியுடையவராயினர். தங்குவிடுதிக்குப் பணங்கொடாது, வீதியோரத்திற் கூடாரமடித்து உறங்கிச் செல்லும் வழக்கம் பரவியது. 1919ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் தம்பா நகரிலுள்ள டி சோட்டோ பூங்காவிற் கூடிய இத்தகையோர், 'தகரப்பேணிச் சுற்றுலாக்காரர்' என்ற பெயரிற் சங்கமொன்றை அமைத்தனர். வண்டியின் முன்புற நீர்த்தொட்டி மூடியிற் பொருத்தப்பட்ட வெறுந் தகரப்பேணியே அவர்தம் அடையாளம். பேணியில் அடைத்த உணவை உண்டு சிக்கனமாக வாழ்வோர் எனப் பிறர் செய்த ஏளனத்தையே அவர்கள் விருதாக்கிக் கொண்டனர் போலும்.

நகரங்கள் முதலில் இவர்களை வரவேற்றன. பயணிகள் பணஞ் செலவழிப்பர் என எதிர்பார்த்து, நீரும் விளக்கும் கழிப்பிடமும் கொண்ட இலவச முகாம்களை நகரசபைகள் அமைத்தன. சில ஆண்டுகள் செல்ல, அங்கு வருவோர் எல்லோரும் செலவழிப்போர் அல்லர் என்பது தெரியவந்தது. வேலை தேடி அலைவோரும் அங்கேயே தங்கிவிடுவோரும் அவர்களுள் இருந்தனர். எனவே 1920களின் நடுப்பகுதியளவிற் கட்டணமும் கால வரையறையும் விதிக்கப்பட்டன. முகாமைப் பேணும் செலவு ஒரு காரணமேயெனினும், ஏழைகளை வடித்தகற்றும் அரிப்பாகவும் அக்கட்டணம் பயன்பட்டது.

1936: ஓர் ஆண்டு, மூன்று காட்சிகள்

டெட்ரோயிட் நகரில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஆர்தர் ஷேர்மன் என்பார் 1929ஆம் ஆண்டிலே குடும்பத்தோடு விடுமுறை சென்றார். விரித்துக் கட்டும் கூடாரவண்டி மழைக்கு ஈடுகொடாமையால், திரும்பி வந்து உறுதியான சுவர்களும் கூரையும் கொண்ட பெட்டிவண்டியொன்றைத் தாமே அமைப்பித்தார். 'மூடுவண்டி' என்ற பழம்பெயரைத் தாங்கி 1930இல் மோட்டார்க் கண்காட்சியில் இடம்பெற்ற அவ்வண்டியே, சில ஆண்டுகளில் அந்நாட்டின் மிகப் பெரிய ட்ரெயிலர் உற்பத்தி நிறுவனத்துக்கு வித்தாயிற்று. பெருமந்தத்தால் ஏனைய கைத்தொழில்கள் நலிந்திருந்த வேளையில் இக்கைத்தொழில் செழித்தமை வியப்பன்று. வீட்டையிழந்தவருக்கும் வீட்டு வாடகைக்கு அஞ்சியவருக்கும் அது ஒரு புகலிடமாகத் தோன்றியது. இருபதாண்டுகளில் அமெரிக்கரிற் பாதிப்பேர் ட்ரெயிலர்களில் வாழ்வர் எனப் பொருளாதார ஆய்வாளர் ரோஜர் பாப்சன் எதிர்வு கூறினார். அது பலிக்கவில்லை. எனினும் அவ்வாறு கூறத்தக்க காலமாக அது இருந்தது என்பதே நோக்கற்பாலது.

1936ஆம் ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகள் இவ்விடத்திற் சேர்த்து எண்ணத்தக்கவை. முதலாவது, வொலி பயாம் என்பவரின் நிறுவனம் 'எயர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்னும் பளபளக்கும் அலுமினிய ட்ரெயிலரை வெளியிட்டமை. அதன் விலை 1,200 டொலர்; அந்நாளில் அது பெருந்தொகை. இரண்டாவது, அதே ஆண்டு பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸ் தலைவர், தம் நகர எல்லைக்கு வெகு தொலைவிலுள்ள கலிபோர்ணியா மாநில எல்லைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொலிசாரை அனுப்பி, கையிற் பணமின்றி வருவோரைத் திருப்பியனுப்பியமை. வரட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்து, பழைய வண்டிகளிற் குடும்பத்தையும் பாயையும் பானையையும் ஏற்றி வந்த உழவரே அவ்வாறு தடுக்கப்பட்டோருட் பலர். மூன்றாவது, மிச்சிகன் மாநிலத்தின் ஏரிக்கரைக் கிராமமொன்றில், ட்ரெயிலரை நிறுத்தி வாழ்ந்த ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கிலே, உண்ணவும் உறங்கவும் இடமுள்ள ட்ரெயிலர் மனிதர் வாழும் வீடேயாகும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டமை.

மூன்றாவது நிகழ்ச்சி ட்ரெயில் வாழ்நருக்குச் சாதகமானதுபோலத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. வீடு எனின் அது கிராமத்தின் கட்டடச் சட்டத்துக்கு அமைதல் வேண்டும். அச்சட்டம் வேண்டிய பரப்பளவை எந்த ட்ரெயிலரும் கொண்டிருக்க முடியாது. ஆகவே, வீடு என ஏற்றுக்கொண்டதன் மூலமே அது வெளியேற்றப்பட்டது. வேறு பல ஊர்களும் இவ்வழியைப் பின்பற்றின.

ஊரவர் தரப்பு நியாயத்தையும் இங்கு கூறுதல் வேண்டும். ட்ரெயிலரில் வாழ்வோர் நிலவரி செலுத்துவதில்லை. அவர்தம் பிள்ளைகளோ ஊர்ப் பாடசாலையிற் கற்றனர். கழிவுநீர் வாய்க்காலிற் கலந்தது; கிணறுகள் மாசுபடும் என்ற அச்சமும் எழுந்தது. இவை வெறுங்கற்பனைகள் அல்ல. ஆயினும், குழாயும் கழிவுத்தொட்டியும் அமைத்து, சிறு வரியொன்றை விதித்துத் தீர்த்திருக்கக்கூடிய இப்பிரச்சினைகளுக்குப் பல ஊர்கள் வெளியேற்றத்தையே தீர்வாகத் தெரிந்தெடுத்தன.

கலிபோர்ணிய எல்லைத் தடை ஓரிரு மாதங்களில் ஓய்ந்தது. வறியவரை அம்மாநிலத்துக்குள் அழைத்து வருவதையே குற்றமாக்கிய சட்டத்தை 1941ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. ஏழைக்கும் எல்லை கடக்கும் உரிமை உண்டு என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. கடந்த பின் எங்கே நிற்பது என்ற வினாவுக்கு அத்தீர்ப்பு விடையளிக்கவில்லை.

போரும் பிரிவும்

ஊர்கள் வெறுத்த ட்ரெயிலரை யுத்தம் வந்ததும் அரசே தேடி வாங்கியது. மிச்சிகனின் வில்லோ ரன் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலை போன்ற இடங்களிற் குவிந்த தொழிலாளரைக் குடியமர்த்த வேறு வழி இருக்கவில்லை. பல்லாயிரக்கணக்கான ட்ரெயிலர்கள் அரசாங்கப் பணத்திற் கொள்வனவு செய்யப்பட்டன. போர் முடிந்தபின், 1944ஆம் ஆண்டின் சட்டத்தாற் கல்வி உதவி பெற்ற முன்னாட் படைவீரர் பலர், மனைவி மக்களோடு பல்கலைக்கழக வளவுகளில் ட்ரெயிலர்களில் வாழ்ந்து பட்டம் பெற்றனர். தேவை ஏற்பட்டபோது ட்ரெயிலர் தகுதியான வீடாயிற்று.

1950களின் நடுப்பகுதியில் ஒரு பிரிவு நிகழ்ந்தது. வீதியில் இழுத்துச் செல்லத்தக்க வண்டியின் அகலம் எட்டடியாக இருந்த நிலையிற் பத்தடி அகல ட்ரெயிலர்கள் சந்தைக்கு வந்தன. அவற்றை நகர்த்துவதற்கு விசேட அனுமதி வேண்டும். எனவே அவை ஓரிடத்திற் கொண்டுசென்று நிறுத்தப்பட்டபின் பெரும்பாலும் நகரவேயில்லை. 'நகரும் இல்லம்' என்ற பெயர் நகராத வீட்டுக்கு வழங்கலாயிற்று. 1974ஆம் ஆண்டில் அவ்வில்லங்களுக்கு மத்திய அரசு தரச்சட்டம் இயற்றியது. 1980இல் சட்டத்தில் அவற்றின் பெயரும் 'உற்பத்தி செய்யப்பட்ட இல்லம்' என மாற்றப்பட்டது. இவ்வாறு ஒரு கிளை வீடாகியது. உண்மையாகவே நகரும் மறுகிளைக்கோ 'பொழுதுபோக்கு வண்டி' என்ற பெயர் நிலைத்தது. அதில் வாழ்வது வாழ்க்கையன்று, பொழுதுபோக்கே என்பது அப்பெயரிலேயே அடங்கிவிட்டது.

முழுநேர வாழ்வு

1956ஆம் ஆண்டின் சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்கள் அமைந்தன. அடுத்த பத்தாண்டுகளில் மோட்டார் இல்லம் தொழிற்சாலைப் பண்டமாயிற்று. அயோவா மாநிலத்தின் பொறெஸ்ட் சிற்றி என்னும் சிற்றூரில் வினிபேகோ நிறுவனம் 1966ஆம் ஆண்டிலிருந்து அவற்றை வரிசை உற்பத்தியாக மலிவு விலையில் வெளியிட்டது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இக்கைத்தொழிலைக் கடுமையாகத் தாக்கியது. விடுமுறைப் பயணிகள் வண்டியை வீட்டில் நிறுத்தினர். வேறு வீடில்லாத முழுநேர வாழ்நரோ குறைந்த தூரம் சென்று நெடுநாள் தங்கக் கற்றனர்.

அவ்வாழ்வின் நடைமுறை சிறிது விளக்கத்துக்குரியது. முழுநேர வாழ்நரின் நாட்காட்டியை வகுப்பவை மூன்று தொட்டிகள். நன்னீர்த் தொட்டி ஒன்று. குளித்த நீரும் பாத்திரங் கழுவிய நீரும் சேரும் தொட்டி ஒன்று. மலகூடக் கழிவு சேரும் தொட்டி ஒன்று. முதலாவது வற்றும்போதோ ஏனையவை நிரம்பும்போதோ வண்டியைக் கிளப்பியே ஆகவேண்டும். சமையலுக்கும் குளிரூட்டிக்கும் உருளையில் அடைத்த வாயு, விளக்குக்கு மின்கலம், பிற்காலத்திற் சூரிய மின்தகடு. மேற்கு மாநிலங்களின் மத்திய அரசு நிலங்களிற் பொதுவாகப் பதினான்கு நாட்கள் தங்கலாம், பின்னர் அகலவேண்டும். பனிக்காலத்தில் வெம்மையான பாலைவனத்தை நாடி வருவோரின் தொகை பெருகியமையால், 1983ஆம் ஆண்டில் அரிசோனா, கலிபோர்ணியா மாநிலங்களின் சில பகுதிகள் நெடுநாட் தங்கலுக்கென ஒதுக்கப்பட்டன. அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் என்னும் சிற்றூர் இதனாற் குளிர்காலத்திற் பெருநகர் போலாகிவிடுகின்றது.

ஆயினும் தொட்டியினும் பெரிய பிரச்சினை முகவரியே. கடிதம் எங்கே வரும்? சாரதி அனுமதிப்பத்திரம் எம்மாநிலத்தது? வாக்கு எத்தொகுதியில்? ஜோ, கே பீற்றர்சன் என்னும் தம்பதியர் 1978ஆம் ஆண்டில் நிறுவிய 'எஸ்கேப்பீஸ்' என்ற கழகம், டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரில் அஞ்சல் நிலையமொன்றை அமைத்து, ஆயிரக்கணக்கான உறுப்பினரின் கடிதங்களை அவர்கள் செல்லுமிடமெல்லாம் அனுப்பி வைத்தது. தென் டக்கோட்டா மாநிலத்தில், ஓரிரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டும் அஞ்சற்பெட்டி முகவரியும் கொண்டு சாரதி அனுமதிப்பத்திரம் பெற வழி ஏற்பட்டது. வீட்டிலிருந்து விடுதலை பெற்றவரும் வீட்டு முகவரியிலிருந்து விடுதலை பெற முடியவில்லை என்பதை இவை உணர்த்துகின்றன. நாடு முழுவதும் சுதந்திரமாகச் சுற்றுவதற்கு எங்கோ ஓரிடத்தில், தாம் வாழாத முகவரியொன்று தேவைப்பட்டது.

1985: மறுபுறத் தீர்ப்பு

ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனைகளிலிருந்து மக்களின் வீடுகளைக் காக்கின்றது. வீட்டினுட் புகப் பொதுவாக நீதிவானின் ஆணை வேண்டும். வீதியில் ஓடும் வண்டியைச் சோதிக்க, தக்க காரணம் இருப்பின், ஆணை வேண்டியதில்லை. மோட்டார் இல்லம் இவற்றுள் எதனைச் சாரும்? சான் டியாகோ நகர மத்தியில், வண்டித் தரிப்பிடமொன்றில், திரை இழுத்து மூடப்பட்டிருந்த மோட்டார் இல்லத்தினுள் அதிகாரிகள் ஆணையின்றிப் புகுந்து போதைப்பொருளைக் கைப்பற்றினர். அவ்வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

1985ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆறு நீதியரசர்கள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளியாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பைப் பிரதம நீதியரசர் வொறன் பேர்கர் எழுதினார். உடனே ஓடக்கூடியது, வீதிச் சட்டங்களுக்கு உட்பட்டது, வதிவிடமல்லாத இடத்தில் நின்றது என்ற காரணங்களால் அது வண்டியே என்பது அதன் முடிபு. மாறுபட்ட நீதியரசர் ஜோன் போல் ஸ்ரீவன்ஸ், வாழ்வதற்கெனவே அமைக்கப்பட்ட அதன் உட்புறம் சாதாரண மோட்டார் வண்டியினதிலும் மேலான அந்தரங்கப் பாதுகாப்புக்குரியது என்றார். நிரந்தரமாகத் தாங்கிகளின் மேல் நிறுத்தப்பட்டு, மின்னிணைப்பும் பெற்ற வண்டி பற்றிய வினா தீர்க்கப்படாமலே விடப்பட்டது.

1936ஐயும் 1985ஐயும் அருகருகே வைத்து நோக்குக. முன்னையது வீடு என்றது. அதனால் ஊரில் நிற்கும் உரிமை போயிற்று. பின்னையது வண்டி என்றது. அதனால் உள்ளே இருப்பவரின் அந்தரங்கத்துக்குரிய பாதுகாப்புக் குறைந்தது. வருமானவரிச் சட்டமோ வேறொன்று கூறும். உறங்குமிடமும் சமையலிடமும் மலகூடமும் உள்ள எதுவும் வீடாகக் கொள்ளப்பட்டு, அதன் கடனுக்குச் செலுத்தும் வட்டிக்கு வரிக்கழிவு கோரலாம். கடன் பெற்று விலையுயர்ந்த மோட்டார் இல்லம் வாங்கும் வசதியுடையோருக்கே இச்சலுகை பயன்படும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

2008இன் பின்

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் இலட்சக்கணக்கானோர் வீடுகளையிழந்தனர். சேமிப்புக் கரைந்த முதியோர் பலர் சில்லுவீடுகளுக்குள் புகுந்தனர். அவர்கள் பயணத்தை வகுத்தது காட்சியின்பமன்று, பருவகால வேலையே. இலையுதிர் காலத்தில் வட டக்கோட்டா, மினசோட்டா எல்லைப் பகுதியிற் பீற்கிழங்கு அறுவடை; நத்தார்க்கு முன்னர் அமேசன் களஞ்சியங்களிற் பொதி கட்டும் வேலை; கோடையில் முகாம் காவல். ஜெசிக்கா புறூடர் 2017இல் எழுதிய 'நோமட்லாண்ட்' என்னும் நூல் இவர்தம் வாழ்வைப் பதிவு செய்தது. அதனைத் தழுவிக் குளோயி ஷாவோ இயக்கிய திரைப்படம் 2021இல் ஒஸ்கார் விருது பெற்றது.

நகரங்களின் போக்கில் மாற்றம் அரிதாகவே ஏற்பட்டது. வண்டியில் வாழ்வதைக் குற்றமாக்கிய லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டம், தெளிவற்றது என்ற காரணத்தால் 2014ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் விலக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநில உயர் நீதிமன்றம், சியாற்றில் நகரில் ஒருவர் வாழ்ந்துவந்த சிறு லொறி, குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவரது இல்லமே என ஏற்றது. அங்கே வீடு என்ற சொல் முதன்முறையாக வறியவனுக்குக் கேடயமாயிற்று எனலாம். ஆயின் 2024ஆம் ஆண்டில், பொது இடங்களிற் படுத்துறங்குவதைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்புத் தடைசெய்யும் கொடுந்தண்டனை ஆகா என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது.

முடிவுரை

சில்லுவீட்டின் வரலாறு சுதந்திரத்தின் வரலாறெனப் பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டு வந்துள்ளது. அதிற் பொய்யில்லை, விரும்பியே அவ்வாழ்வை மேற்கொண்டு நிறைவு கண்டோர் பலருளர். எனினும் மேலே கண்ட சான்றுகள் வேறொன்றையும் கூறுகின்றன. வீடா வண்டியா என்ற வினாவுக்கு வண்டியின் அமைப்பை நோக்கி மட்டும் விடையளிக்கப்படவில்லை. உள்ளே இருப்பவர் செலவழிக்க வந்தவரா, வேலை தேடி வந்தவரா, திரும்பிச் செல்ல இடமுள்ளவரா என்பவையும் விடையை நிருணயித்தன. முகவரியுள்ளவன் அலைந்தால் அவன் பயணி. முகவரியற்றவன் நின்றால் அவன் நாடோடி.

இது அந்நாட்டின் கதை. ஆயினும் முகவரியைக் காட்டியே தான் இன்னார் என்பதை மெய்ப்பிக்கவேண்டிய நிலையை நம் நாட்டவரும் அறிவர். மனிதன் எங்கு உறங்குகின்றானோ அதுவே அவன் வீடு என்ற எளிய உண்மையைச் சட்டம் ஏற்க ஒரு நூற்றாண்டு போதவில்லை. அந்தத் தகரப்பேணியை வண்டியின் முன்னே பொருத்திப் புறப்பட்டவர்கள் கேட்டது பெரிதொன்றுமன்று. போவதற்கு வீதி கிடைத்தது. நிற்பதற்கு இடந்தான் இன்னும் வழக்கில் உள்ளது.